துப்பாக்கிக்கு வைத்த சந்தனப் பொட்டு

எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாத அடைமழைக் காலத்தில் நடந்தது இது. நான் வரிச்சிக்குடியில் வாழ்க்கைப்பட்டு ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. வீட்டில் விவசாயம் பார்க்கும் கணவர், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, அப்புறம் என் மாமியார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஒரு கிறுக்கும் இருந்தது. துப்பாக்கி சுடுவது.

சிரிக்காதீர்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது ரைபிள் சுட்டுப் பழகியவள் நான். கல்யாணத்தோடு அது போயிற்று என்றுதான் இருந்தேன். அரசலாற்றுப் பக்கம் ஒரு காலி நெல் கிடங்கை வாடகைக்குப் பிடித்து நாலைந்து பேர் துப்பாக்கி சுடும் கிளப் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். அன்று சாயங்காலமே போய் நின்றுவிட்டேன். ஒரு பெண் தானாக வந்து சேர்த்துக்கொள்ளச் சொன்னதில் அவர்களுக்கு ஏக சந்தோஷம். அதைவிட ஆச்சரியம்.

கிளப்பின் செயலாளர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். நல்ல மனுஷர். ஆனால் எதைக் கேட்டாலும் பட்டாளத்தில்தான் போய் முடிப்பார்.

ரைபிள் வேண்டாம், பிஸ்டல்தான் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. ரைபிளைப் படுத்துக்கொண்டும் முட்டி போட்டுக்கொண்டும் சுட வேண்டும். புடவையோடு அது ஆகிற காரியமா? பிஸ்டல் என்றால் நின்ற இடத்தில் நின்று ஒரு கையை நீட்டினால் போதும். பிஸ்டலிலும் பிரிவுகள் உண்டு. இருபத்தைந்து மீட்டரில் தோட்டா போட்டுச் சுடுவது ஒன்று. பத்து மீட்டரில் காற்றழுத்தத்தால் சின்ன ஈயக் குண்டு சுடும் ஏர் பிஸ்டல் இன்னொன்று. முதலாவதற்கு லைசென்ஸ், தோட்டா, போலீஸ் ஸ்டேஷன் என்று ஆயிரம் வம்பு.

"தோட்டா கீட்டான்னு எதாச்சும் வூட்டுக்குள்ள வந்துச்சுன்னா, அம்மா என்னையத்தான் வெளில தள்ளிக் கதவச் சாத்தும். நீ அந்தக் காத்துத் துப்பாக்கியே சுடு" என்றார் என் கணவர். அதோடு பிரிவு முடிவாயிற்று.

அடுத்தது எந்த பிஸ்டல் என்பது. கிளப்பில் இரண்டு இருந்தன. ஒன்று செயலாளரின் மருமகன் பிரான்சிலிருந்து வாங்கி வந்தது. கட்டைவிரல் வைக்க ஒரு மேடை, உள்ளங்கையைத் தாங்க ஒரு மேடை என்று கைப்பிடியே சிற்பம் மாதிரி இழைத்திருக்கும். பளபளப்பைப் பார்த்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கும். இன்னொன்று யாரோ கொடுத்துவிட்டுப் போன பழசு. மூக்குப் பக்கம் கனம், கைப்பிடியில் கீறல், பார்க்கவும் அம்சம் கிடையாது. எல்லோரும் புதுசுக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். நானும்தான். ஆனால் அதில் சுட்டால் என் குண்டுகள் சொன்ன இடத்தில் விழவில்லை.

என்.சி.சி.யில் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆயுதத்தை இலக்குக்கு நேராகத் தூக்கு, பிறகு கண்ணைத் திற. குறி தானாகவே நேராக நின்றால் அது உன் கைக்கானது. கோணிக்கொண்டு நின்றால் இல்லை. புதிய பிஸ்டலை அப்படித் தூக்கிப் பார்த்தேன். கண்ணைத் திறந்தால் அது கிடங்கின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கைப்பிடி யாரோ ஓர் ஆறடி ஆளின் கைக்குச் செய்தது. பழசைத் தூக்கினேன். திறந்தால் நேராக நிற்கிறது. மறுபடி தூக்கினேன். மறுபடியும் நேர்.

"ஆளுக்குத் தக்கன துப்பாக்கி தேடக் கூடாதும்மா. துப்பாக்கிக்குத் தக்கன ஆளு மாறிக்கணும். பட்டாளத்துல அப்புடித்தான்" என்றார் செயலாளர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பட்டாளத்துல பூட்சையும் அப்புடித்தான் குடுத்தாங்களா, சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஆமாம்மா, இன்னமும் கால் ஆணி இருக்கு" என்றார். பழைய பிஸ்டல் என்னிடம் வந்து சேர்ந்தது.

அதை எனக்கு ஏற்றதாக மாற்ற ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆயிற்று. சுண்டுவிரல் எட்டாத இடத்தில் கைப்பிடி மரத்தை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்ப்பது, பிடித்துப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. சுட அழுத்தும் விசைக்கு ஒரு சட்டம் உண்டு. அரைக் கிலோ எடையை விசையில் தொங்கவிட்டுத் தூக்கினால் அது தாங்க வேண்டும், விடுபட்டுவிடக் கூடாது. அதற்காகத் தெருக்கோடி மளிகைக் கடையில் அரைக் கிலோ படிக்கல்லை இரவல் வாங்கி வந்து கட்டித் தொங்கவிடுவேன். "ஏக்கா, துப்பாக்கிக்குத் தெனமும் அரைக் கிலோ என்னக்கா போடுறீங்க?" என்று கடைக்காரர் கேலி செய்வார்.

குறி பார்ப்பது எப்படி என்று இங்கே சொல்லிவிடுகிறேன். பிஸ்டலின் முனையில் ஒரு சின்னக் கட்டை நிற்கும். பின்னால் ஒரு தகடு, அதில் சதுரமாக ஒரு வெட்டு. முன்கட்டை அந்த வெட்டுக்கு நட்டநடுவில், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய நிற்க வேண்டும். குண்டுகள் ஒரே பக்கமாகத் தள்ளி விழுந்தால் பின்தகட்டை நகர்த்த ஒரு திருகு உண்டு. திருகினால் சொடுக்குச் சொடுக்காக நகரும். இந்த இரண்டும் வெளிச்சத்தில் மின்னாமல் இருக்கக் கரி ஏற்ற வேண்டும். நான் மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டி ஏற்றுவேன்.

"புள்ளைக்கு மை இடுற மாரில்ல இடுது இது" என்று அத்தை ஒருநாள் சொன்னார். பிஸ்டலைப் பற்றி அவர் கோபமில்லாமல் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அத்தைக்குக் கோபம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் நான் அலுவலகம் விட்டு நேராகக் கிடங்குக்குப் போய்விட்டு, இருட்டிய பிறகு பஸ் பிடித்து வருவேன். அதுவரை பாப்பாவை அவர்தான் பார்க்க வேண்டும். அவர் சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. காலையிலிருந்து வயலில் நின்றுவிட்டு வருபவர். ஒருநாள் பஸ் பழுதாகி நான் ரொம்பத் தாமதமாக வந்தபோது, பாப்பா வாசற்படியில் விழுந்து உதடு கிழிந்து அழுதுகொண்டிருந்தாள். அத்தை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். சேறு காயாத காலோடு.

"நான் ஒண்ணும் துப்பாக்கி புடிக்காதேன்னு சொல்லல. ஆனா அந்தி ஆனா என் ஒடம்பு எனக்கே பாரமா இருக்கு. செத்த நேரம் காலை நீட்ட முடியல" என்றார்.

நான் பாப்பாவை அவர் தோளிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். பாண்டிச்சேரியில் ஐப்பசியில் தேர்வுப் போட்டி வரப்போவது அவருக்குத் தெரியும். பெண்கள் ஏர் பிஸ்டல் பிரிவில் இரண்டு பேரை எடுத்து வெளி மாநிலத்துப் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள். "அதுல ஒன்னைய எடுத்தாங்கன்னா சரி. நாலு பேருக்குச் சொல்லிக்கிட்டு நானே புள்ளயப் பாத்துக்கறேன். எடுக்கலன்னா அதோட வுட்டுடணும். என்ன சொல்ற?"

"சரி அத்தை" என்றேன். வீம்பில்தான் சொன்னேன். அந்தக் கிடங்கில் நின்று கையை நீட்டும் ஒரு மணி நேரம்தான் நாள் முழுவதிலும் எனக்கென்று இருந்தது. அங்கே நான் யாருடைய மனைவியும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. அது போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் வீட்டில் அன்று மண்வெட்டி, அரிவாள், மரக்கால், தையல் மெஷின், கணவரின் சைக்கிள் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, அத்தைதான் சந்தனம் குங்குமம் வைப்பார். நான் என் ஆபீஸ் பேனாவைக் கொண்டுபோய் வைத்தேன். அத்தை சந்தனக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன் சாமான் எங்க?"

"பேனா வச்சுட்டேனே அத்தை."

"அத யாரு கேட்டா? துப்பாக்கியக் கொண்டா."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். கனம் பார்த்தார். குழைத்த சந்தனத்தைக் கட்டியாக எடுத்துக் கைப்பிடியில் ஒன்று, குழாயின் மேல் ஒன்று, நான் கரி ஏற்றுவேனே அந்தப் பின்தகட்டில் ஒன்று என்று அழுத்தமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். அந்தத் தகட்டில்தான் நான் கண்ணை வைத்துப் பார்ப்பேன் என்று அவர் கவனித்திருக்கிறார். முக்கியமான இடம் என்று பார்த்து வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாப்பாவின் மூக்கைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பூசையில் வைத்த பொட்டை எங்கள் வீட்டில் யாரும் துடைக்க மாட்டார்கள். அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும். மண்வெட்டியில் கார்த்திகை வரைக்கும்கூட இருக்கும். நானும் கை படுகிற இடத்தில் மட்டும் வழித்துவிட்டு மீதியை அப்படியே விட்டேன். வழக்கம்போல அதன் மேலேயே விளக்குப் புகையில் கரி ஏற்றிக்கொண்டேன்.

விஜயதசமிக்கு அப்புறம் கிடங்குக்குப் போனால், குண்டெல்லாம் இடது பக்கமாக விழுகிறது. இரண்டு நாள் தொடாமல் விட்டதில் கை மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். திருகை வலப்பக்கம் திருப்பினேன். ஆறு சொடுக்கு திருப்ப வேண்டியிருந்தது. இவ்வளவா என்று எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் அதற்கு அப்புறம் குண்டு நடுவிலேயே விழுந்தது. சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகவே விழுந்தது.

"அத்தை, நீங்க பொட்டு வச்சதுலேர்ந்து எல்லாம் நடுவுலயே உழுவுது" என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். அன்று ராத்திரி அத்தை கையால் எனக்கு இன்னொரு மீன் துண்டு விழுந்தது.

போட்டிக்கு முதல் நாள் நானும் கணவரும் மழையோடு மழையாகப் பஸ் ஏறிப் பாண்டிச்சேரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். காலையில் கரி ஏற்ற விளக்குக் கேட்டால் அந்த வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கே இல்லை. சாமி அறையிலிருந்து கற்பூரம் கொடுத்தார்கள். அதைக் கொளுத்திக் காட்டினேன். கற்பூரப் புகை நல்ல அடர்த்தியான கரி. ஆனால் சுடர் உயரமாக எழும்பித் தகட்டையே நக்கியது. கொஞ்சம் சுட்டுவிட்டதோ என்று ஊதி ஆற்றிவிட்டுக் கிளம்பினேன்.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசைகள். பத்து மீட்டர் தள்ளி அட்டைகள். என்னோடு சுட வந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்கள். விசையில் எடை தொங்கவிட்டுப் பார்த்தார்கள். என் பழைய பிஸ்டல் கம்பீரமாகத் தூக்கியது. கணக்கில் சேராத பழக்கக் குண்டுகள் சில சுடலாம். அவையும் நடுவிலேயே விழுந்தன. இனி எல்லாம் கணக்கு என்று அறிவித்தார்கள். முதல் பத்துக் குண்டு முடிந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் எட்டி என் அட்டையைப் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது.

அப்புறம் ஒரு குண்டு வலது பக்கம் போனது. சரி, கை ஆடியிருக்கும். அடுத்ததும் வலது பக்கம். அதற்கடுத்தது இன்னும் தள்ளி. எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. மணிக்கட்டு தளர்ந்துவிட்டதா? விசையை இழுக்கிறேனா? பாப்பாவின் கிழிந்த உதடு ஞாபகத்துக்கு வந்தது. அத்தையின் சேற்றுக் கால் வந்தது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று மனசு நையாண்டி செய்தது. பிஸ்டலில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு நினைப்பு எழுந்தது. உடனே அதை அதட்டி உட்கார வைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க இன்னும் மோசம்.

கடைசியில் பிஸ்டலை மேசையில் வைத்தேன். அப்போதுதான் அந்த வெள்ளைத் துணியில் அதைப் பார்த்தேன். அரிசி நொய் அளவுக்கு ஒரு துணுக்கு. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் மஞ்சள். விரலில் ஒற்றி எடுத்து முகர்ந்தேன். சந்தனம்.

தகட்டைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். அந்தச் சதுர வெட்டின் வலது ஓரத்தில் சந்தனம் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேல் கரி ஏறியதால் இரும்பும் அதுவும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் பார்த்த நடு, நடுவே இல்லை. அதற்குத் தோதாகத் திருகைத் திருப்பி வைத்துக்கொண்டு மூன்று வாரம் கை ராசி என்று பேசியிருக்கிறேன். காலையில் கற்பூரச் சுடரில் அது வெடித்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு குண்டின் அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் அங்கே நேரமில்லை.

கையைத் தூக்கினேன். போட்டி அதிகாரி வந்தார். "துப்பாக்கிய சுத்தம் பண்ணிக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"பண்ணிக்கம்மா. ஆனா டைம் நிக்காது, ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினேன். அத்தை வைத்த சந்தனத்தை அந்த ஊக்கின் முனையால் சுரண்டி எடுத்தேன். சுரண்டும்போது மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். அப்புறம் திருகு. அன்றைக்கு வலப்பக்கம் திருப்பிய ஆறு சொடுக்கையும் இடப்பக்கம் திருப்பினேன். சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கப் பழக்கக் குண்டு இனிமேல் கிடையாது. அடுத்ததே கணக்கு. கையை நீட்டினேன். முன்கட்டைக்கு இரண்டு பக்கமும் அகலமாக வெளிச்சம். அழுத்தினேன்.

நடு.

மீதிக் குண்டுகளை நான் சுட்டது போல வாழ்க்கையில் அதற்கு முன்பு சுட்டதில்லை. நேரம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது கடைசிக் குண்டைச் சுட்டேன். ஆனால் போனது போனதுதான். முடிவு அறிவித்தபோது நான் மூன்றாவது. இரண்டு பேரைத்தான் எடுத்தார்கள். இரண்டாவதாக வந்த பெண்ணுக்கும் எனக்கும் ரொம்பச் சின்ன வித்தியாசம்.

திரும்பி வரும் பஸ்ஸில், கடலூர் தாண்டியதும்தான் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அம்மாகிட்ட சொல்லிடலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. ஆசையா வச்சாங்க. அதுனாலதான் போச்சுன்னு நான் எப்புடிச் சொல்றது? அவங்க மேல பழியப் போட்ட மாரி ஆயிடும். சத்தியமா சொல்லக் கூடாது."

அவர் தலையை ஆட்டினார். ஊருக்கு வந்து, "தேறல அத்தை" என்று மட்டும் சொன்னேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார். "சரி, சாப்புடு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் பிஸ்டலைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். கிளப்பில் திருப்பிக் கொடுப்பதற்காக. பெட்டியின் கொக்கி மாட்டவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றேன். கண்ணில் நீர் கோத்திருந்தால் எந்தக் கொக்கிதான் மாட்டும்? அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகில் வந்து நின்றார்.

"அது எங்க போவுது?"

"கெளப்புல குடுத்துட்டு வந்துடறேன் அத்தை. சொன்ன சொல்லு சொன்னதுதான்."

"சொன்ன சொல்லா? அந்தச் சந்தனக் கதய ஏன் சொல்லல?"

நான் திகைத்துப்போய்ப் பார்த்தேன். கொல்லைப் பக்கம் கணவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று மாட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

"அங்க என்ன பாக்குற? அவன் வாயில என்னைக்கு எது தங்கிச்சு? கார்த்தாலயே கக்கிட்டான்" என்றார் அத்தை. "என்னமோ பெரிய மனுஷியாட்டம் மறைச்சு வச்சிருக்க. சொன்னா கரைஞ்சுபோறதுக்கு நான் என்ன மண்ணாங்கட்டியா?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் அத்தை..."

"வருத்தப்பட்டா படறேன். ரெண்டு நாளு படுவேன், அப்பறம் சரியாப் போயிரும். அதுக்காவ நீ இத்த வுட்டுட்டு வந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே காலம் பூரா உள்ளுக்குள்ள பொசுங்கிக்கிட்டு இருப்பியா? அதுதான் எனக்குப் பண்ற மருவாதையா?"

அத்தை பாப்பாவைக் கீழே இறக்கிவிட்டுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"தாயம் ஆடுறப்ப ஒருத்தர் கை பட்டுக் காயி கலைஞ்சு போச்சுன்னா அந்த ஆட்டம் சேருமா? சேராது. கலைச்சது நானு. அதுனால இந்தப் போட்டி சேராது. அடுத்த வருஷம் போ. அதுல எடுக்கலன்னா அப்பப் பேசிக்கலாம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அதை ரொம்ப நேரம் அனுமதிக்கிற ஆள் இல்லை. கையை உருவிக்கொண்டார். "இந்தா, அதுக்காவ அந்தி சமாச்சாரம் மாறல. எனக்கு முடியலன்னா முடியலதான். மூணு நாள்ல ரெண்டு நாளு புள்ளய இவன் பாத்துக்கட்டும். வாயக் கட்டாததுக்குத் தண்டன" என்று கொல்லைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். மாட்டுக்குப் பின்னாலிருந்து, "சரிம்மா" என்று சத்தம் வந்தது.

அந்த ஒரு வருஷமும் என் கணவர் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிய அழகை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

மறு வருஷம் சரஸ்வதி பூசை அன்று, அத்தை எல்லாச் சாமான்களுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டுப் பிஸ்டலைக் கையில் எடுத்தார். விரலில் சந்தனம். வைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, பாடம் கேட்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டார்: "எங்க வைக்கணும்னு நீயே காட்டு. அங்க வைக்கிறேன்." கைப்பிடியின் அடிப்பக்கத்தைக் காட்டினேன். அங்கே வைத்தார். அந்த ஐப்பசியில் என்னை எடுத்தார்கள். செய்தியைச் சொன்னபோது, சொன்னபடி நாலு பேருக்கு இல்லை, நாற்பது பேருக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அத்தை இப்போது இல்லை. நமக்குப் பிரியமானவர்கள் ஆசையோடு செய்தது நமக்கே இடைஞ்சலாகிவிட்டால், அவர்கள் மனம் நோகக் கூடாதென்று மூடி மறைப்பதுதான் மரியாதை என்று அதுவரை நினைத்திருந்தேன். சொன்னால் தாங்கிக்கொள்வார்கள், நமக்காக இன்னொரு இடமும் பார்த்து வைப்பார்கள் என்று நம்புவதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பதை, கதவருகில் நின்று கோபமாகப் பேசிய அந்த மனுஷியிடம் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பாப்பாவுக்குப் பிறகு பிறந்த பையன் கட்டி வந்த என் மருமகளிடம் இன்றைக்கு அதைக் கடைப்பிடிக்கப் பார்க்கிறேன்.